ரோஸ் சீட்டு

எந்த வாசலில் நின்றாலும், உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். சொந்தக்காரர் வீடானாலும் சரி, வங்கியானாலும் சரி. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று ஆபீஸ் வாசலிலும் கழற்றினார். "சீட்டு வாங்க வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?" என்று அம்மா கேட்டாள். அப்பா அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

காரணம் மகளுக்குப் பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது. ஒரு வீட்டில் ஒருவன் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தோடு சேர்த்துச் சுவரில் அறைந்திருந்தான். கண்ணாடிச் சில் சதைக்குள் போய்விட்டது. ஏழு தையல்.

அப்பாவுக்குத் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. சொந்தமாக ஒரு சுமை வேன், நான்கு கயிறு, பழைய கம்பளிகள். வாரத்தில் ஐந்து நாள் அது வாடகைக்கு ஓடும். மீதி இரண்டு நாள் சங்கத்துக்கு. புருஷனிடம் உதைபட்டுக் கட்டிய துணியோடு ஓடிவந்த பெண்களுக்காக அந்தச் சங்கம் ஒரு வீடு நடத்தியது. பெயர்ப்பலகை கிடையாது. முகவரி வெளியே யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா.

ஓடிவருகிறவள் எதையும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. பிள்ளையின் புத்தகப் பை, பள்ளிச் சான்றிதழ், சர்க்கரை மாத்திரை, மூக்குக் கண்ணாடி எல்லாம் அந்த வீட்டிலேயே கிடக்கும். யாராவது போய் எடுத்து வர வேண்டும். யாராவது என்றால் அப்பாதான். சம்பளம் கிடையாது. டீசல்கூட அவருடையது. அங்கிருந்த பெண்கள் அவருக்கு வைத்த பெயர் பொட்டி அண்ணன்.

அதற்கு ஒரு முறை இருந்தது. வேண்டியதை அந்தப் பெண் சொல்வாள், நர்ஸம்மா பட்டியல் எழுதுவார். பட்டியலில் இருந்தால் ஒரு கரண்டியானாலும் விடக்கூடாது. இல்லாவிட்டால் தங்கமே கிடந்தாலும் தொடக்கூடாது. எடுத்ததையெல்லாம் அங்கேயே நின்று ரசீதுப் புத்தகத்தில் எழுத வேண்டும். மேலே வெள்ளைத் தாள், நடுவில் கார்பன், அடியில் ரோஸ் தாள். வெள்ளை சங்கத்துக்கு, ரோஸ் புருஷனுக்கு. நாளைக்கு எவனும் திருட்டு கேஸ் கொடுக்கக்கூடாது என்பதற்காக.

பேசி முடிகிற இடமில்லை அது. ஒருவன் சூடான இஸ்திரிப் பெட்டியை எறிந்தான். அப்பாவின் தோளில் அதன் முனை கறுப்பு முக்கோணமாகப் பதிந்து நின்றது. ஒருவன் பொண்டாட்டியின் துணிகளை முற்றத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, "எடுத்துட்டுப் போ, நல்லா எடுத்துட்டுப் போ" என்று தீக்குச்சியைக் கிழித்தான். அப்பா எரிகிற குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை மட்டும் உருவினார். ஓரம் கருகியிருந்தது, பெயர் தப்பியது. ஒருவன் கதவைத் திறந்த வேகத்தில் முன்பல்லைக் கழற்றினான். "பொம்பளைங்க பொட்டியெல்லாம் தூக்கறியே, உன் பல்லை யாருய்யா தூக்கிட்டு வருவா?" என்று அம்மா பஞ்சை அழுத்தினாள். அப்பா வாயில் ரத்தத்தோடு சிரித்தார்.

பட்டம் வாங்கி எட்டு மாதம் வேலை கிடைக்காமல் அவள் வீட்டில் இருந்தபோதுதான் அப்பாவோடு போய்க்கொண்டிருந்தவருக்கு முதுகு போய்விட்டது. பட்டியல் படிக்க, ரசீது எழுத ஆள் வேண்டும். அவள் ஏறிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி வேனின் முன்சீட்டில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள்.

முதல் வாரமே கேட்டுவிட்டாள். "ஏன்ப்பா இதைச் செய்யறீங்க?"

"வேன் இருக்கு."

அம்மாதான் பிறகு சொன்னாள். கல்யாணமான முதல் வருஷம் அப்பா அவளை அடித்திருக்கிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவளை மறித்து, பெட்டியை மாடிப்படியில் போட்டு மிதித்து உடைத்திருக்கிறார். அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அதற்குள்தான் கிழிந்தது. அதன்பிறகு அம்மா எந்த வேலைக்கும் மனுப் போடவில்லை.

மறுநாள் வேனில் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரே பேசினார். "அம்மா சொல்லிட்டாளா? சரி. கதவுக்கு உள்பக்கம் நின்னு மறிச்சவன் நான். இவனுங்க எதை எங்கே ஒளிப்பானுங்க, எப்போ கை ஓங்குவானுங்கன்னு எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

அதைக் கேட்டு அவரை வெறுப்பதா, மதிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. படித்த எந்தப் புத்தகமும் இந்த இடத்தில் உதவவில்லை. இரண்டையும் செய்துகொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சங்கத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு தையல்காரப் பெண்ணின் பொருள்களை எடுக்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வாரம்தான் சங்கத்தின் வீடு வேறு தெருவுக்கு மாறியிருந்தது. காலையில் நர்ஸம்மா போனில் புது முகவரி சொன்னார். அப்பா ஒரு துண்டுத் தாளை ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்து, தொடைமேல் அழுத்தி எழுதினார். மூன்று முறை படித்து மனப்பாடம் செய்தார். பிறகு துண்டை நுணுக்கிக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். அதுவும் முறைதான். முகவரி எழுதிய தாள் எதுவும் வேனில் இருக்கக்கூடாது.

தையல்காரியின் புருஷனுக்கு டயர் கடை. வீடு கடைக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த நடை, கரிபிடித்த பம்பு, அதைத் தாண்டி இரண்டு அறை. அவன் டயர் கழற்றும் இரும்புக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"யாரு? கள்ளப் புருஷனா?"

"வேன்காரன் தம்பி. எடுக்க வேண்டியதை எடுத்துட்டுப் போயிடறேன்."

"இது?"

"என் பொண்ணு."

"பொண்ணையும் தொழிலுக்கு விட்டுட்டியா?"

அப்பா கடிகாரம் இல்லாத கையை ஒருமுறை தடவிக்கொண்டு உள்ளே போனார். தையல் மெஷின் ஒன்று. கத்தரிக்கோல் இரண்டு. தங்கையோடு எடுத்த போட்டோ ஒன்று. அவள் வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். போட்டோவை எடுத்தபோது அவன் எழுந்து கம்பியால் சட்டத்தை அடித்தான். கண்ணாடி அப்பாவின் புறங்கையில் இறங்கியது. அப்பா கண்ணாடியை உதறிவிட்டுப் போட்டோவை மட்டும் சட்டைக்குள் சொருகினார். "எழுதிட்டியாம்மா? கையெழுத்துப் போட்டுடறேன்." போட்டார். ரோஸ் தாளைப் பார்க்காமலே கிழித்து அவளிடம் தர, அவளும் பார்க்காமலே அவனிடம் நீட்டினாள்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில் அவன் சங்கத்தின் புது வீட்டுக்கு வந்தான்.

மெஷினுக்குப் புதுப் பெல்ட் மாட்ட அப்பா அங்கே போயிருந்தார். அவன் முன்கதவை மூன்று அடியில் பெயர்த்தான். தையல்காரி உள்ளறைக்கு ஓடிக் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவன் கதவைத் தோளால் மோதினான். அவளுடைய வலது கை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. அவன் மறுபடி மோதினான். கை இருப்பது தெரிந்தும் மூன்றாவது தடவையும் மோதினான். எலும்பு முறிகிற சத்தம் அடுப்படிவரை கேட்டதாக நர்ஸம்மா சொன்னார். அப்பா பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டினார். அவன் திரும்பிக் கம்பியால் காதில் ஒன்று, விலாவில் நான்கு வைத்தான். அடுத்ததை ஓங்கும்போது மற்ற பெண்கள் அம்மிக்குழவியும் பக்கெட்டுமாக அவன்மேல் விழுந்தார்கள். போலீஸ் வந்து பிரித்தபோது அவனுடைய மூக்கு முகத்தில் ஒரு பக்கமாகக் கிடந்தது.

மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அப்பா அவசரப் பிரிவில் கிடந்தார். இடது காதிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது; அந்தக் காது கேட்கவில்லை. எதிர்க் கட்டிலில் தையல்காரி, கை பலகையில் கட்டப்பட்டு. ஒரு போலீஸ்காரர் வந்து, அவன் பையிலிருந்து எடுத்த ரோஸ் தாளை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

அப்பா பார்த்தார். அவளும் பார்த்தாள். 'தையல் மெஷின் 1' என்ற வரிக்குக் குறுக்கே, சாய்வாக, நீலத்தில் வேறு எழுத்துகள். கதவு எண். தெருப் பெயர். துண்டுத் தாளின் மேல் அழுத்திய பேனா, வெள்ளையையும் தாண்டிக் கார்பன் வழியாக இறங்கியிருந்தது.

"ஆமா. என்னுதுதான்," என்றார் அப்பா.

போலீஸ்காரருக்குக் கையெழுத்து மட்டும்தான் வேண்டியிருந்தது. "முகவரி எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டோம். கொழுந்தியா சொன்னாளாம், எழுதிக் கொடுத்திருக்கான்" என்று தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

எதிர்க் கட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் கட்டுப்பாட்டை மீறித் தையல்காரி முகவரியை ஒரே ஒருத்திக்குச் சொல்லியிருந்தாள். தன் தங்கைக்கு. தாளில் படித்ததை அவன் அந்தத் தங்கையின் தலையில் கட்டியிருந்தான்.

அந்தத் தங்கை அரைமணி நேரத்தில் பிளாஸ்கில் பாலோடு ஓடிவந்தாள். "அக்கா..." என்று வாயெடுப்பதற்குள் தையல்காரி இடது கையால் பிளாஸ்கைப் பிடுங்கி அவள்மேலேயே எறிந்தாள். மூடி திறந்து சுடுபால் தங்கையின் கழுத்திலும் மார்பிலும் கொட்டியது.

"எவ்வளவு வாங்கின? சொல்லுடி! என் கையை எவ்வளவுக்கு வித்த?"

"சத்தியமா நான் சொல்லலக்கா..."

"வேற யாருக்குடி தெரியும்? போ! நான் செத்தாலும் வராதே!"

தங்கை வெந்த கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடுவே நின்றாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கேட்காத காதை மேலே வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளே அவர் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டார். நர்ஸம்மா குரலைத் தாழ்த்தினார். "இப்போ சொன்னா அவன் வக்கீல் அதைப் பிடிச்சுக்குவான். முகவரியைக் காப்பாத்தத் தெரியாத வீடுன்னு மூடிடுவாங்க. பதினோரு பொம்பளைங்க, ஒன்பது பிள்ளைங்க. எங்கே போவாங்க? கேஸ் முடியட்டும் தம்பி. அப்புறம் சொல்லுங்க."

கேஸ் இரண்டு வருஷம் நடந்தது. அவனுக்கு ஏழு வருஷம் கிடைத்தது. அதற்குள் தையல்காரியைச் சங்கம் வேறு ஊருக்கு அனுப்பியிருந்தது. நர்ஸம்மாவிடம் அவள் நம்பர் இருந்தது. அப்பாவுக்கு நொண்டிச் சாக்குகூட மிச்சமில்லை.

"நான் பேசட்டுமா?" என்று மகள் கேட்டாள். சீட்டை நீட்டிய கை தன்னுடையதுதானே என்று அவளுக்கும் உறுத்திக்கொண்டிருந்தது.

"வேணாம். நான் எழுதினது, நானே சொல்லணும். முதல்ல தங்கச்சிகிட்ட சொல்லிடறேன்."

தங்கை ஒரு துணிக்கடையில் மடிப்பு வேலை பார்த்தாள். கடை வாசலில் அப்பா கடிகாரத்தைக் கழற்றினார். மடித்த துணி அடுக்குகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னார். துண்டுத் தாள், கார்பன், ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டது, எதையும் விடவில்லை. தங்கை மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். கழுத்தில் தோல் இன்னும் சுருங்கிப் பளபளத்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா? தெரிய வேண்டியவ அங்கே இருக்கா. அங்கே சொல்லுங்க." அடுத்த துணியை உதறினாள். அப்பாவின் முகத்தில் காற்று அடித்தது. "எங்க அக்காவுக்கு நான் ஒருத்தி. எனக்கு அவ ஒருத்தி. கொண்டு வந்து கொடுங்க. நீங்கதான் பொட்டி அண்ணனாச்சே."

அப்பா இரண்டு முறை தையல்காரியின் நம்பரை அழுத்தினார். இரண்டு முறையும், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். கம்பிக்கு நேரே நெஞ்சைக் காட்டியவருக்கு ஒரு பெண்ணின் "ஹலோ"வுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவுவார். மகள் நச்சரித்தாள், ஒருநாள் கத்தவும் செய்தாள். "பொட்டியை மிதிச்சதுக்கு அம்மாகிட்ட மட்டும் என்னத்தைச் சொல்லிட்டீங்க!" என்றாள். அப்பா ஈரத் துணியோடு அப்படியே நின்றார். அதற்காக அவள் பிறகு அழுதாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நான்கு மாதம் கழித்து வேறொரு வீட்டின் மாடியிலிருந்து இரும்பு பீரோ ஒன்றை அப்பா முதுகில் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். மேல்படியில் நின்ற புருஷன் பீரோவை உதைத்தான். பதினாறு படி. கடைசிப் படியில் அப்பா அடியில் இருந்தார், பீரோ மேலே. அவள் ரசீதுப் புத்தகத்தைப் போட்டுவிட்டுத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு நாள் உயிர் இருந்தது. வார்த்தை வரவில்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த காலையில் போன் வந்தது. தையல்காரி. அப்பா இறந்ததை நர்ஸம்மா சொல்லியிருக்கிறார்.

"எனக்காக அடி வாங்கினவரும்மா உங்க அப்பா," என்று அழுதாள். "கூடப் பிறந்தவளே என்னை வித்துட்டா. யாரோ பெத்த மனுஷன் வந்து நின்னாரு. அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?"

மகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். நாலடி தூரத்தில் அப்பா கிடந்தார். இப்போது சொல்லலாம். இரண்டே வாக்கியம் போதும்.

"கை எப்படி இருக்குக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு விரல் மடங்காது. இடது கையால தைக்கப் பழகிட்டேன்."

மாலையில் கூட்டம் குறைந்த பிறகு அந்தத் தங்கை வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். எழுந்து மகளிடம் வந்தாள்.

"சொல்லிட்டாரா?"

"இல்ல."

"நீங்க?"

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள். தங்கை அவளைத் திட்டவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.