ஒரு சிட்டிகை உப்பு

கோட்டக்குப்பத்துக்கு வடக்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைக்கு நாங்கள் திட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம். அதற்கு முன்னோட்டமாகக் கரையில் ஒரு சின்ன சோதனை ஆலை ஓடியது. பெரிய ஆலைக்குக் குழாய்ப் பாதை வரைவதோடு, சோதனை ஆலையின் மறுமுனையில் வரும் தண்ணீரில் உப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதும் என் வேலை. மீட்டரில் எண் கொஞ்சம் ஏறினாலும் கத்திவிடுவேன். அந்த வாய் அப்பா கொடுத்தது.

அந்த அப்பாவுக்குத்தான் சிறுநீரகம் கெட்டுப்போனது. திண்டிவனம் போகும் வழியில் எங்கள் ஊர்; போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. அந்தத் தண்ணீரும் கூடாது, சாப்பாட்டில் உப்பும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வரைந்த குழாய்ப் பாதை நிலக்கடலை போட்ட எங்கள் மல்லாட்டைக் கொல்லை ஓரமாகத்தான் திண்டிவனம் போகிறது. ஆனால் திட்டப்படி தண்ணீர் நகரத்துக்கு மட்டும். வழியில் எந்த ஊருக்கும் கிடையாது. எழுதிக் கேட்டேன், சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கடையில் விற்கும் கேன் தண்ணீரையும் நான் நம்பவில்லை. வாராவாரம் சோதனை ஆலைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் எட்டிப் பார்க்கிறேன். அப்பா அந்தத் தண்ணீரைச் சொம்பில் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு விரலால் கலக்கிக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்ததே கோபம்.

"இன்னாப்பா பண்ற? கடல்லேர்ந்து உப்ப எடுக்க நாங்க இவ்ளோ பேஜாரு பட்டுக்கினு கீறோம், நீ திரும்பப் போட்டுக் குடிக்கிறியா?"

"சப்புனு கீதும்மா, எறங்கல. பொறந்ததுலேர்ந்து உப்புத் தண்ணி குடிச்ச வாயி. நீ தூக்கினு வர்ற தண்ணி, கீழ ஊத்தவும் மனசு வர்ல."

உப்பு ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவின் இடுப்பில் செருகினேன். அதன்பிறகு அப்பா கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல் குடித்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

போன தை மாதம் டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்து வந்தோம். சோறு நின்றுபோய், ஸ்பூனில் தண்ணீர் மட்டும். அதுவும் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. அம்மா ஒரு கையில் டம்ளரும் இன்னொரு கையில் சாவியுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாவியை வாங்கி அலமாரியைத் திறந்தேன். ஒரு சிட்டிகை போட்டு, விரலால் கலக்கி, நானே ஊட்டினேன். இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார் அப்பா.