ஜூன் மாதத்தில் ஹீட்டர்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம் டெல்லியில் நடந்தது இது. திருநெல்வேலியில் மகனுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு, நானும் மனைவியும் முன்னதாகவே லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியிருந்தோம். மகனும் மருமகளும் மறுவீடு, விருந்தெல்லாம் முடித்துப் பின்னால் ரயிலில் வந்தார்கள். ஊரை விட்டு வெளியே இருந்தே பழக்கமில்லாத பெண். டெல்லி என்றாலே பயப்படுகிறாள் என்று மகன் போனில் சொல்லியிருந்தான். வந்த அன்றே அவள் மனம் வாடிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அதற்கு முதல் எதிரி எங்கள் கிழட்டுக் கார். டிராஃபிக்கில் கொஞ்சம் நின்றாலே இன்ஜின் கொதிக்கும், ஏசியை அணைக்க வேண்டிவரும். ரேடியேட்டர் விசிறி தாமதமாகத்தான் சுற்ற ஆரம்பிக்கும். எனவே காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடையில் அந்த விசிறிக்கு ஒரு புது சுவிட்ச் வாங்கினேன். எவ்வளவு சூட்டில் விசிறி சுற்ற வேண்டும் என்பதை, அதிலுள்ள குமிழைத் திருப்பி நாமே வைத்துக்கொள்ளலாம். சூட்டை உணர்வதற்கு அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று ரேடியேட்டருக்குப் போகும். மெக்கானிக் எதற்கு என்று ஸ்டியரிங்குக்குக் கீழே நானே மாட்டினேன். குழாய் நீளமாகத் தொங்கியது பிடிக்கவில்லை. அதை இறுக்கமாக மடக்கி, அழகாகக் கட்டினேன். இன்ஜினை ஓடவிட்டுக் குமிழைத் திருப்பியதும் விசிறி விர்ரென்று சுற்றியது. பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்றாள்.

நானும் மனைவியும் காரில் போய் நிஜாமுதீன் ஸ்டேஷனில் காத்திருந்தோம். ரயில் தாமதமாகி உச்சி வெயிலில்தான் வந்தது. மருமகளின் கண்கள் வீங்கியிருந்தன. வழியெல்லாம் அழுதிருப்பாள் போல. "ஏறும்மா, ஏசி ஜில்லுனு இருக்கும்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

லாஜ்பத் நகரைத் தாண்டுவதற்குள் வண்டிகள் அப்படியே உறைந்து நின்றன. சூடு காட்டும் முள் ஏறியது. விசிறி சுற்றவில்லை. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தமே இல்லை. எப்படியோ மேம்பாலத்தின் அடியில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்தேன். நான் அழகு பார்த்து மடக்கிய இடத்திலேயே செம்புக் குழாய் விரிசல் விட்டு உடைந்திருந்தது. வயர்களை நேராக இணைத்திருந்தால் விசிறி ஓடியிருக்கும் என்பது அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை.

இன்ஜின் ஆறியதும் தண்ணீர் ஊற்றினேன். இனி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதுதான் வழி என்றேன். இன்ஜினின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கிவிடும். வண்டி தப்பிக்கும், நாம் வெந்துபோவோம்.

"ஹீட்டரா? கிறுக்கு புடிச்சிருக்கா உங்களுக்கு? ஜூன் மாசத்துல ஹீட்டர் போட்ட ஒரே ஆளு டெல்லியில நீங்கதான்!" என்றாள் மனைவி.

மகன் ஒரு வாடகைக் காரை வரவழைத்தான். தானே எங்கள் வண்டியை ஓட்டிவருவதாகச் சொன்னான், நான்தான் விடவில்லை. பெட்டிகளோடு மூன்று பேரும் வாடகைக் காரில் ஏறினார்கள். கதவு மூடியதைப் பார்க்கவே எனக்குத் துக்கமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் அவளை நடுரோட்டில் அல்லாடவிட்டேனே.

திடீரென்று அந்தக் கதவு திறந்தது. மருமகள் இறங்கி வந்து, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"மாமா, தனியா எப்படி வருவிய? நானும் வாரேன்."

"வேண்டாம்மா, உள்ள அனலா இருக்கும்."

"இருக்கட்டும் மாமா."

ஜன்னல்களைத் திறந்து, ஹீட்டரை முழுதாக வைத்து, ஊர்ந்து ஊர்ந்து போனோம். புதுப் புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு சிக்னலில் அவளாகவே பேசினாள்.

"எங்கப்பாவும் இப்படித்தான் மாமா. எதையாவது பிரிச்சு மாட்டுவாவ. கடைசியில ஒரு ஸ்குரூ மிச்சம் இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை அவள் அப்பா ரிப்பேர் செய்த மிக்ஸி, கடிகாரம், மோட்டார் கதைதான். இறங்கும்போது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். வாசலில் நின்ற என் மனைவிக்கு, இவர்கள் எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

அவளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டால்தான் எங்கள் வீடு அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். என் கஷ்டத்தில் பாதியைத் தானாக வந்து எடுத்துக்கொண்ட அந்த மத்தியானமே அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.