கடிக்கும் குழாய்

புரோத்ராபூரில் இந்த வாடகை வீட்டுக்கு அப்பாவோடு வந்த மறுநாள், ஹீட்டர் குழாயைத் திறந்தபோது விரல் நுனியில் சுரீரென்றது. உடனே மெயின் சுவிட்சை அணைத்தேன். ஆனால் அந்தச் சுரீர் எனக்குப் பழக்கமானது. ஏழாவது படிக்கும்போது இதே தீவில் நாங்கள் இருந்த கராச்சர்மா வீட்டுக்கு அது என்னை இழுத்துப் போனது.

அங்கே குளியலறை வாசலில் நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் ஈரமாகக் கிடக்கும். ஹீட்டரைப் போட்டால் துரு வாடை வீசும்.

"ஏங்க, குழாய் கடிக்குதுங்க" என்பாள் அம்மா.

"நீயும் திருப்பிக் கடி" என்று அப்பா சிரிப்பார். "செருப்பு போட்டுட்டுத் திற. மெயின்லேண்ட்லேர்ந்து புது ஹீட்டர் கப்பல்ல வருது."

கடல் சரியில்லை என்று கப்பல் தள்ளிப்போனது. நாங்களும் செருப்புக்குப் பழகிவிட்டோம். செருப்பின் வார் அறுந்திருந்த ஒரு காலையில் அம்மா வெறுங்காலோடு உள்ளே போனாள். கதவை உடைத்துத் திறந்தபோது அவளுக்கு உயிர் இல்லை.

இப்போது நான் மின் பொறியாளர். செய்ய வேண்டியதைத் தாளில் எழுதினேன்: புது ஹீட்டர், ஒழுங்கான எர்த் ஒயர், மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச். எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்வரை அப்பா நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹோ கயா, தீதி", வேலை முடிந்தது என்று சொல்லி எலக்ட்ரீஷியன் கிளம்பியதும் அப்பா கேட்டார்: "பாப்பா, அன்னைக்கு நம்ம வீட்லயும் இந்த ஒயரைக் கொடுத்திருந்தா?"

எந்த ஹீட்டருக்கும் கொடுக்கலாம். அரை நாள் வேலை. கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

"அந்தப் பழைய ஹீட்டருக்கு இதெல்லாம் கொடுக்க முடியாதுப்பா" என்றேன்.

அப்பா தலையாட்டினார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.