நிற்கிற உயரம்

பாதி வாழ்நாளை மூக்குக்கண்ணாடிக் கடையில் கழித்தவள் அவள். எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் உட்காரும் என்று ஆள் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் படகுச் சாமான் கடையில் போய் நின்றபோது, என்ன கேட்பதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தாள்.

படகு அவள் கணவருடையது. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்த்தவர், ஓய்வு பெற்ற கையோடு ஏரியில் ஓட்டுவதற்கென்று ஒரு பழைய மோட்டார் படகை வாங்கினார். ஆறு பேர் உட்காரலாம். கூரை கிடையாது. தெருவே அவரை ‘மாலுமி’ என்று கூப்பிட ஆரம்பித்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளோ ஏரிக்கரையைத் தாண்டிக் காலை எடுத்து வைக்க மாட்டாள்.

“ஒரே ஒரு தடவை வாயேன். நான் இருக்கேன்ல?”

“நீங்க இருக்கறதுதாங்க பயமே!”

அவர் சிரித்துக்கொண்டே தனியாகப் போய்விடுவார். உட்கார்ந்து ஓட்டுகிற பழக்கமே அவருக்கு இல்லை. தொப்பிகூடப் போடாமல், நெஞ்சை நிமிர்த்தி நின்றபடிதான் ஓட்டுவார்.

ஒரு நாள் காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். அவ்வப்போது “தண்ணி” என்பார். அவள் டம்ளரோடு ஓடி வருவாள். அவர் தலையை ஆட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் டம்ளரும் கையுமாக நின்றபோதுதான், அவர் கேட்டது ஏரியை என்று அவளுக்குப் புரிந்தது.

“தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா வெயில் மட்டும் படக் கூடாது” என்றார் டாக்டர். மகள் குதித்தாள். “அம்மா, உனக்கென்ன பைத்தியமா? பேசாம வித்துடலாம்.” அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “நீங்க கூரையைப் போடுங்க அண்ணி, நான் ஓட்டறேன்” என்றார் கணவரின் தம்பி.

படகுக் கடைக்காரர் பொறுமைசாலி. துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார்.

“வெள்ளை வேண்டாம்மா, தண்ணியோட பளபளப்பு அதுல பட்டுக் கண்ணு கூசும். கறுப்பு சூட்டை இழுக்கும். இந்தச் சாம்பல் கலர் எடுத்துக்குங்க. கம்பியில நாலு வளைவு வெச்சா காத்துக்கு ஆடாது. சரி, ஓட்டறவர் நின்னு ஓட்டுவாரா, உக்காந்து ஓட்டுவாரா?”

கொழுந்தனார் உட்கார்ந்துதான் ஓட்டுவார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“நின்னுதான்” என்றாள். “நல்ல உசரம். எங்க வீட்டு நிலையில குனிஞ்சுதான் வருவாரு.”

“உசரம் கூடினா சாய்ஞ்ச வெயில் உள்ள வரும்மா.”

“பரவால்ல. அவர் தலை இடிக்கக் கூடாது.”

கூரை வந்தது. ஒரு மாலை, கொழுந்தனாரும் படகுத்துறைக் காவலாளியும் அவரைத் தூக்கிப் பின்பக்கப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள்; படகு ஆடியதும் உயிர் போய் உயிர் வந்தது. ஏரி நடுவுக்குப் போனபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. அவளும் மெல்ல மூச்சு விட்டாள்.

அப்போதுதான் வெயில் சாய்ந்து கூரைக்கடியில் நுழைந்தது. நேராக அவர் முகத்தில் அடித்தது. கொழுந்தனார் படகைத் திருப்பினார். மறுபக்கம் வழியாகவும் வந்தது. அவள் எழுந்து, பிடிமானம் எதுவும் இல்லாமல், துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மறைத்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

“யாருக்கு... இவ்ளோ... உசரம்?”

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “உங்களுக்குத்தாங்க.”

கண்ணிலிருந்து வழிந்ததை அவரால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அப்புறம், குழறாமல், தெளிவாக ஒரே வார்த்தை வந்தது.

“வெட்டிடு.”

மறுநாள் கம்பிகளோடு கடைக்குப் போனாள். “வெட்டினா வெட்டினதுதான், திரும்ப ஒட்ட வராது. கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமேம்மா?” என்றார் கடைக்காரர், விஷயத்தைக் கேட்டுவிட்டு.

“வெட்டுங்க.”

ரம்பம் அலறத் தொடங்கியதும் வெளியே தெருவுக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாதவள், மகள் மடியில் அழாதவள், அங்கே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்தப் பக்கமாக வந்த யாரோ ஒருவர் “வழி தெரியலையாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

தாழ்ந்த கூரைக்கடியில் நிழல் நன்றாகவே விழுந்தது. “குகைக்குள்ள ஓட்டற மாதிரி இருக்கு அண்ணி” என்று கொழுந்தனார் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் அவர் பாதி வாயால் சிரிப்பார். அசையாத கையை எடுத்து அவள் தன் மடியில் வைத்துக்கொள்வாள். சில மாலைகளில் அவர் அப்படியே தூங்கிப்போவார். இன்ஜினை நிறுத்திவிட்டு, அவர் விழிக்கும்வரை அவளும் கொழுந்தனாரும் காத்திருப்பார்கள்.

மழைக்காலத்தில் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை.

விற்பதற்கு இப்போது மகள்தான் தயங்கினாள். அம்மாதான் ஆள் பார்த்துப் பேசி முடித்தாள். படகை எடுத்துப்போக ஆள் வருகிற அன்று கொழுந்தனார் கேட்டார்.

“கூரையை மட்டும் கழட்டி வெச்சுக்கலாமா அண்ணி?”

“அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?” என்றாள். “வாங்கறவங்க மேலயும் வெயில் படாம இருக்கட்டும்.”

சாவியைக் கொழுந்தனார் கையில் கொடுத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள்.