சித்தப்பா எடுத்த சித்தியின் படம்

லேக் மார்க்கெட் வீட்டுக் கூடத்தில் சித்தப்பா தன் கையால் அச்சிட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கும். ஏரிக்கரை பெஞ்சில் சித்தி உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த புதிதில் எடுத்தது. பின்னால் மரங்கள் இருண்டிருக்க, முகம் மட்டும் வெளிச்சத்தில் கழுவி எடுத்ததுபோல வெளுத்திருக்கும். சித்தியோ நல்ல கறுப்பு. சிறுவயதில் அந்தப் படத்தையும் சமையலறையில் நிற்கும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்து, படத்தில் இருப்பது அவளுடைய தங்கையோ என்றுகூட நினைத்திருக்கிறேன். யாரிடமும் கேட்டதில்லை.

சித்தப்பாவுக்குக் கிடர்பூரில் துறைமுக அலுவலக வேலை. வாரமெல்லாம் சரக்குக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்து, சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு, படம் கழுவக் கதவைச் சாத்திவிடுவார். குளிக்க வேண்டியவர்கள் அதற்கு முன்பே குளித்துவிட வேண்டும். பாதியில் லோட்ஷெடிங் என்று மின்சாரம் போய்விட்டால் உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும், அவ்வளவுதான். அதிகம் பேசாத மனிதர். ஈரப் படங்களைக் கொடியில் தொங்கவிட வெளியே வரும்போது, யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்பதுபோல ஒரு கூச்சம் அவர் முகத்தில் இருக்கும்.

போன வருடம் அவர் காலமானார். முதல் நினைவு நாளுக்கு அவர் எடுத்த படங்களை இணையத்தில் ஏற்றி, ஊர் ஊராகச் சிதறியிருக்கும் உறவினர்களுக்குக் காட்டவேண்டும் என்று சித்தி ஆசைப்பட்டாள். நான் கல்கத்தாவிலேயே சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் சுவரில் இருந்த படத்தையே கழற்றி ஸ்கேன் செய்தேன். கையில் பிடித்துப் பார்க்கும்போது தாளில் இருந்த ஆழம் திரையில் இல்லை. பழைய தாளின் மினுமினுப்பும் ஓரத்துப் பழுப்பும் வெறும் அழுக்காகத் தெரிந்தன. நெகட்டிவிலிருந்தே எடுத்தால் துல்லியமாக வரும் என்று தோன்றியது. சித்தப்பா எல்லா நெகட்டிவ்களையும் உறை போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தார். அலுவலக நண்பரிடம் அதற்கான ஸ்கேனரை இரவல் வாங்கி வந்தேன்.

சித்தியும் அவள் மகளான என் தங்கையும் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்தப் படம் திரையில் விரிந்தது. அதே பெஞ்ச், அதே சிரிப்பு. முகம் மட்டும் வேறு. வியர்வை மினுங்கும் கறுத்த முகம், மூக்குத்திக் கல், புருவத்துக்கு மேலே ஒரு சிறு தழும்பு, வெட்கத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட உதடு.

“தாருண், மா! பிரமாதம்! இது அப்படியே நீதான். இதைத்தான் போடணும்,” என்று தங்கை கூவினாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் வங்காளம்தான் முந்திக்கொள்ளும்.

சித்தி எழுந்துவிட்டாள். “இது வேணாம். சுவத்துல இருந்ததையே போடு.”

தங்கைக்கு முகம் சுண்டிப்போனது. அப்பாவை அவள் பாபா என்றுதான் சொல்வாள். “அப்போ பாபாதான் உன்னை வெள்ளையாக்கினாரா? உன்னை நாலு பேருக்குக் காட்ட அவருக்கு வெட்கமா இருந்துச்சா?”

“அவங்கள ஒண்ணும் சொல்லாத,” என்றாள் சித்தி. “நாந்தான் கேட்டேன்.”

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அவள் காதுபடவே நிறத்தைப் பேசியிருக்கிறார்கள். இந்தப் படம் அவர்களுக்கு அனுப்புவதற்காக எடுத்தது. கொஞ்சம் வெளுப்பாகப் போடமுடியாதா என்று சித்தி கேட்டபோது, “நான் பார்த்தது அப்படி இல்லையே” என்று சித்தப்பா மறுத்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில் அவள் அழுததும் இறங்கி வந்திருக்கிறார். வட்டமாக வெட்டிய அட்டையைக் கம்பி முனையில் ஒட்டி, தாளில் வெளிச்சம் விழும்போது முகத்துக்கு மட்டும் நிழல் பிடித்தால் அந்த இடம் வெளுத்து வரும்.

“அட்டைய ஆட்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஓரம் தெரிஞ்சிரும்னாங்க. ஆனா அவங்களுக்குக் கை ஓடல. நாந்தான் வாங்கிப் பிடிச்சேன்.”

தங்கை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் படம் துல்லியம் என்பதுதான் கேள்வி என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். கழுத்தெலும்பின் நிழலைக்கூட விடாமல் கொண்டுவந்த ஸ்கேனர், அந்தக் குளியலறையில் இருவர் ஒட்டி நின்றதைக் கொண்டுவரவில்லை. அதற்குச் சாட்சி அந்தப் பழைய தாள் மட்டும்தான். ஆனால் அந்தத் தாளில் சித்தி இல்லை. எதைப் போடச் சொல்வது என்று எனக்கே தெரியாமல் போனதால் வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்துச் சித்தியே அந்த ஸ்கேனைக் காட்டச் சொன்னாள். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, யாரோ புதியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“எடுக்கும்போது என்னமோ சொல்லிச் சிரிக்க வச்சாங்க. என்னன்னுதான் ஞாபகம் வரல,” என்றாள். பிறகு, “இதையே போடு. அவங்க பார்த்தது இதுதானே.”

போட்டோம். சாயங்காலம் மதுரையிலிருந்து அத்தை வீட்டுப் புது மருமகள் குடும்பக் குழுவில் எழுதியிருந்தாள்: “படம் ரொம்ப அழகா இருக்கு. யாரு இவங்க?”

நான் பதில் எழுதப் போனேன். சித்தி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, குரலில் அனுப்ப எதை அழுத்த வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நாந்தாம்மா. உங்க மாமா எடுத்தாங்க.”