சுவராக நின்ற மாப்பிள்ளை

எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் டம்ளர்கள் நின்ற விதம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஐந்து டம்ளர் நிமிர்ந்து நிற்கும், ஐந்து கவிழ்ந்து கிடக்கும். நிமிர்ந்தவை நம் ஆட்கள், கவிழ்ந்தவை எதிராளிகள். பந்துக்குப் பதில் ஒரு சுண்டைக்காய். என் மருமகன் குந்தி உட்கார்ந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக நகர்த்துவார், சுண்டைக்காயைச் சுண்டி விடுவார், அது சுவரில் பட்டு எங்கே திரும்புகிறது என்று பார்ப்பார். காப்பி ஊற்ற டம்ளர் இல்லாமல் என் மகள் நிற்பாள். "ஏங்க, உங்க டீமை எடுத்துக் கழுவட்டுமா?" என்பாள். "கோல்கீப்பரை மட்டும் எடுத்துக்கோ. அவன் எப்படியும் தூங்குறவன்தான்" என்பார்.

எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் இருக்கும் அறையில் உட்காருவதும் இல்லை. நான் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பேன். கேட்க வேண்டியதை மகளிடம் கேட்பேன். "அந்த ஓரத்து டம்ளரு ஏன் சும்மா நிக்குதுன்னு கேளு." அவரும் மகளைப் பார்த்தே பதில் சொல்வார். "சும்மா நிக்கலைன்னு சொல்லு. எதிராளியை இழுக்க நிக்குது." நடுவில் மாட்டிக்கொண்ட என் மகள், "நான் என்ன போஸ்டாபீசா?" என்று கத்துவாள். அஞ்செட்டிப் பக்கம் இருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மூக்கண்டப்பள்ளிக்கு வந்து, கம்பெனி கேண்டீனில் அண்டா கழுவி அவளை ஆளாக்கியவள் நான். யாரிடமும் தலை குனிந்ததில்லை. மருமகனுக்கு முன்னால் தலையை மூடினது மரியாதைக்கு. அதில் எனக்கு வருத்தம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத காலம் அது. தொழிற்பேட்டையில் மூடிப்போன ஒரு யூனிட்டின் காலி ஷெட்டில்தான் மருமகனும் கூட வேலை செய்யும் பையன்களும் பக்கத்துக்கு ஐந்து பேராகக் கால்பந்து விளையாடுவார்கள். சிமெண்டுத் தரை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், நாலு பக்கமும் சுவர். பந்து எகிறாமல் இருக்கக் காற்றைக் கொஞ்சம் இறக்கி விடுவார்கள். தரையில் கோடு கிடையாது. ஆகவே பந்து வெளியே போவது என்ற பேச்சே இல்லை, சுவரில் பட்டால் திரும்பி வரும், ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். என் மருமகனின் யோசனை முழுக்க அந்தச் சுவரில்தான் இருந்தது. "ரெண்டு பேரு மறிச்சா மல்லுக்கட்டாதே. சுவத்துக்குக் குடுத்துட்டு ஓடு. அது உனக்கே திருப்பிக் குடுக்கும். சுவரு நம்ம ஆளுடா, சம்பளம் கேக்காத ஆளு" என்று பையன்களுக்குச் சொல்வார். அத்திப்பள்ளியில் இருந்து வரும் ஒரு கன்னடப் பையனும் தென்காசிப் பையன் ஒருவனும் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். மோர் கொண்டு போகும் சாக்கில் நான் ஷட்டர் ஓரமாக நின்று பார்ப்பேன். எதிராளி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் பந்து சுவரில் பட்டு அந்தப் பக்கம் போயிருக்கும். பார்க்க அத்தனை அழகாக இருக்கும்.

அப்போது மருமகன் கம்பெனியில் காண்டிராக்ட் ஆளாக இருந்தார். வருடங்கள் போயின, காண்டிராக்டர்கள் மாறினார்கள், அவர் மட்டும் அதே மெஷினில் நின்றார். வயிற்றில் பிள்ளையோடு இருந்த என் மகள், கோயிலுக்குப் போனால் "பர்மனெண்ட் ஆகணும்" என்பதைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் கம்பெனி சொந்தமாக டீம் சேர்க்கப் போகிறது என்று பேச்சு வந்தது. கிருஷ்ணகிரியில் உள்ளரங்கில் ஒரு போட்டி, அதில் நன்றாக ஆடுகிறவர்களைப் பர்மனெண்டாக எடுப்போம் என்று ஆபீசரே வந்து சொன்னார். டீமில் எல்லாரும் இருபதைத் தாண்டாத பையன்கள், இவருக்குத்தான் முப்பது கடந்திருந்தது. இனி இப்படி ஒன்று வராது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அன்றிலிருந்து டம்ளர்கள் அலமாரிக்குத் திரும்பவே இல்லை.

போட்டி அன்று நானும் மகளும் படிக்கட்டு மாதிரி இருந்த உயரமான இடத்தில் உட்கார்ந்தோம். அவர் கீழே, நான் மேலே, அதனால் உட்காரலாம். மரத்தரை பளபளவென்று இருந்தது. அதில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். சுவர் கோட்டுக்கு வெளியே எங்கேயோ தள்ளி நின்றது. ஆட்டம் தொடங்கியதும் தென்காசிப் பையன் பழக்கத்தில் பந்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு முன்னால் ஓடினான். பந்து கோட்டைத் தாண்டிப் போனது. விசில். பந்து எதிராளிக்கு. அடுத்து கன்னடப் பையன், அதே விசில். அவன் நடுவில் நின்று, "கோடெ எல்லி, அண்ணா?" என்று கேட்டான். சுவர் எங்கே என்று. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் சிரித்தது. "என்னப்பா, பந்தை ஊருக்கு அனுப்புறீங்களா?" என்றான் ஒருவன். கோட்டைத் தாண்டினால் பந்து எதிராளிக்கு என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை, அவருக்கும் சொன்னதில்லை. அந்த ஷெட்டை விட்டு வெளியே அவர்கள் ஆடியதே இல்லையே. பாதி ஆட்டம் முடியும்போது மூன்று கோல் வாங்கியிருந்தார்கள்.

இடைவேளையில் பையன்கள் அழாத குறை. மருமகன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. "சுவரு இல்லைன்னா போகுது. நான் நிக்கிறேன். சுவத்துக்குக் குடுக்குற மாதிரி எனக்குக் குடுத்துட்டு ஓடுங்க." அப்படியே கோட்டோரம் போய் நின்றார். பந்து வரும், ஒரே தட்டு, ஓடுகிறவன் காலுக்கு முன்னால் போய் விழும். அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. முதுகில் இடித்தார்கள், காலை மிதித்தார்கள், நகரவில்லை. கன்னடப் பையன் ஒரு கோல் போட்டான், தென்காசிப் பையன் ஒன்று போட்டான். சிரித்த கூட்டம் கை தட்டியது. மூன்றாவது கோல் போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஆபீசர் அந்த இரண்டு பையன்களை மட்டும் தோளில் தட்டிக் கம்பெனி டீமுக்கு எடுத்துக்கொண்டார். "சார், அண்ணன் குடுத்ததுதான் சார் ரெண்டும்" என்று அவர்கள் கெஞ்சினார்கள். "அவரு ஓடவே இல்லையேப்பா. நின்ன இடத்துலயே நின்னாரு. வயசாயிருச்சு, விடு" என்றார் ஆபீசர். அவர் கெட்டவர் இல்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திரும்பும் வேனில் பையன்கள் இரண்டு பேரும் அழுதார்கள். மருமகன்தான் அவர்களைத் தேற்றினார். "அட, சுவத்துக்கு எவன்டா வேலை குடுப்பான்?" என்று சிரித்தார். வேன் முழுக்கச் சிரித்தது, என் மகளும் சிரித்தாள். முன் சீட்டில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடமே காண்டிராக்டும் போனது. பேத்தி பிறந்திருந்தாள், சும்மா உட்கார முடியாது. கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைக்குப் போனார். மாலையில் புருவமெல்லாம் வெள்ளையாக வருவார். முதலில் வறட்டு இருமல், பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு, பிறகு வாசல் வரை நடந்தாலே மூச்சு. நெஞ்சுக்குள் கல்தூசி படிந்துவிட்டது, அதை எடுக்க வழியில்லை என்றார் டாக்டர். கடைசியில் படுக்கவே முடியவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்.

ஒரு நாள் மகள் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். நான் வழக்கம்போலக் கதவோரம் நின்றிருந்தேன்.

"அத்தே, உக்காருங்க. எத்தனை வருசம் நின்னுட்டே இருப்பீங்க?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நடுவில் யாரும் இல்லை. நான் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீங்க மேலருந்து பாத்தீங்கல்ல. நெசமாவே நான் ஓடலையா?"

இத்தனை வருடமும் அது அவர் நெஞ்சில் இருந்திருக்கிறது. "நீங்க எதுக்கு ஓடணும், மாப்ள? எல்லாரும் உங்ககிட்ட வந்து வந்துதானே ஓடுனாங்க" என்றேன். அது அவருக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆகவே ஆட்டத்தையே சொல்ல ஆரம்பித்தேன். இடைவேளை முடிந்ததில் இருந்து யார் எங்கே நின்றார்கள், பந்து யாரிடம் போனது, எல்லாம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "கன்னடப் பையன் உள்ள வந்தான். நீங்க வலது காலால தட்டுனீங்க" என்றேன்.

"இடது காலு, அத்தே." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "வலது பக்கம் ஆளு நின்னான். அந்தக் கால்ல தட்டிருந்தா வெட்டிருப்பான்."

"சரி, இடது காலு" என்று திருத்திக்கொண்டு முதல் கோல் வரைக்கும் சொன்னேன். அதற்குள் மகள் குடத்தோடு வந்துவிட்டாள். என் உடம்பு தானாக எழுந்து கதவோரம் போய் நின்றது. "மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்க, அத்தே" என்றார். மறுநாள் காலையில் மகள் எழுப்பினாள். அவர் எழவில்லை.

அந்தப் பையன்கள் இரண்டு பேரும் இன்று பெரிய ஆட்கள். பண்டிகைக்கு வந்து போகிறார்கள், ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டாவது கோலை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அது அவருக்குச் சொல்ல வேண்டியது.

மாப்ள, தென்காசிப் பையன் பின்னாலிருந்து உங்களுக்குக் கொடுத்தான். உங்கள் மேல் இரண்டு பேர் சாய்ந்திருந்தார்கள். நீங்கள் பந்தை நிறுத்தவில்லை, பார்க்கவும் இல்லை, குதிகாலால் பின்பக்கம் விட்டீர்கள். அவன் ஓடி வந்து அடித்தான். எல்லாரும் அவனைக் கட்டிப் பிடிக்கப் போனார்கள். நீங்கள் மட்டும் கோட்டோரம் நின்றபடி தலையைத் தூக்கி மேலே பார்த்தீர்கள். நான் எழுந்து நின்று, முந்தானை விழுந்ததுகூடத் தெரியாமல், கை தட்டிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்ததா?