மெத்தைகள் ஊர் சுற்றும் நாள்

எங்கள் தொழிலில், நாங்கள் போய்ச் சேரும் முன்பே பெயின்ட் வாசனை வாசலுக்கு வந்து வரவேற்கும். வெளிநாட்டில் கையுறையும் சட்டையும் வாங்கும் கம்பெனிகளுக்காக, இங்குள்ள தொழிற்சாலைகளில் வேலையாட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆடிட் என்பார்கள். பெரும்பாலும் தேதி சொல்லிவிட்டுத்தான் போவோம்.

விருந்தாளி வருகிறார் என்றால் ஹாலில் கிடக்கும் துணிமணியை அள்ளி ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறவர்கள்தானே நாம் எல்லோரும்? அந்தக் கதவைத் திறக்கச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம். ஐம்பதைத் தாண்டிய வயதில் இந்த வேலை தூக்கத்தைக் கெடுக்கிறது. மலிவாக ஒன்றை வாங்கிவிட்டு, 'இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?' என்று ஒரு கணம் தயங்கியவர் என்றால், நீங்களும் என் கட்சிதான்.

கோழிக் குழம்பு

மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. ஆடிட்டுக்குப் போகும் இடத்தில் ஆபீஸ் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு, கேன்டீனில் தொழிலாளர்களோடு உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். பக்கத்தில் செல்வம் என்றொருவர். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். சூளைச் சூட்டில் வேலை பார்த்து விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"சாப்பாடு எப்படித் தம்பி?" என்றேன். "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிக்கொடுத்த பதில் வந்தது. சூப்பர்வைசர் தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும் தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "நீங்க மாசாமாசம் வாங்கண்ணே. நீங்க வர்ற அன்னைக்குத்தான் கோழி போடுறாங்க."

லோரி

அடுத்தது ஹாஸ்டல். ஓர் அறைக்கு ஆறு கட்டில், புது விரிப்பு. ஆனால் குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்கள் ஒரு வாளி நிறைய நின்றன. "ஸ்பேர்" என்றார் மேனேஜர். அவரும் நம் ஆள்தான். என்னிடம் தமிழிலும், என் சக ஆடிட்டர் லிம்மிடம் ஆங்கிலத்திலும் அதே பொய்யை அதே சிரிப்போடு சொன்னார். சீனர் என்றாலும், தமிழர்கள் நிறைந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த லிம்முக்கு என் அளவுக்குத் தமிழ் வரும் என்பது அவருக்குத் தெரியாது.

மதியம் நானும் லிம்மும் எதிர்ச் சாலை மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தேத்தாரே என்னும் நுரை பொங்க ஆற்றிய டீ குடிக்கப் போனோம். வாசலில் தார்பாய் போட்டு மூடிய ஒரு லோரி. ஓரத்தில் மெத்தைகளின் முனைகள் எட்டிப் பார்த்தன. பக்கத்து மேசையில் இருந்த டிரைவரிடம், "வீடு மாத்துறீங்களா?" என்று கேட்டார் லிம். நாங்கள் யாரென்று அறியாத அந்த மனிதர் அலுத்துக்கொண்டார்: "அட நீங்க வேற பாஸ். ஃபேக்டரிக்கு யாரோ பெரிய ஆளு வர்றாங்களாம். அவங்க போற வரைக்கும் மெத்தைங்களுக்கு மேரு, காப்பார்னு ஊரைச் சுத்திக் காட்டிக்கிட்டு இருக்கேன்லா!"

அப்பா பெயரில் ஒரு பெட்டி

பாஸ்போர்ட் அவரவரிடம்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக, ஒரு சுவர் முழுக்க சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு புதுச் சாவி. "உங்க பெட்டியத் திறந்து காட்டுங்க தம்பி" என்று செல்வத்திடம் சொன்னேன். அவர் பெட்டிகளை மேலும் கீழும் பார்த்தார். அவர் பெயர் எங்குமே இல்லை.

ஆபீஸில் இருந்தவர்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த இடத்தில் அப்பா பெயர்தானே இருக்கும்! மேனேஜர் வேகமாக வந்து 'கருப்பையா' என்று ஒட்டியிருந்த பெட்டியைத் தட்டி, "இதுதானேப்பா உன்னோடது, மறந்துட்டியா?" என்றார். செல்வம் நிஜமாகவே குழம்பிப்போனார். "எங்கப்பா மலேசியாவுக்கே வந்ததில்லைங்களே சார்!"

போன பிறகு எழுதுங்க

தனியறையில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம். பெட்டிகள் முந்தின நாள் வந்தவை. ஆடிட் முடிந்ததும் சாவிகள் ஆபீஸுக்குத் திரும்பிவிடும். செல்வத்தின் மனைவிக்கு மறுவாரம் சிசேரியன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. அப்போதும் இவர் இங்கேதான் இருந்தார். இந்த முறை கூட இருந்தே ஆக வேண்டும். லீவு கேட்டால், ஆர்டர் முடியட்டும் என்கிறார் மேனேஜர். பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருக்கும்போது எங்கே போவது?

இதை எழுதினால் வாங்கும் கம்பெனி என்ன செய்யுமோ தெரியாது. எழுதாவிட்டால் நான் எதற்கு? எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். என் கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே செல்வம் சொன்னார்: "எழுதுங்கண்ணே. எழுதத்தான் வேணும். ஆனா நான் ஏரோப்ளேன் ஏறின பிறகு எழுதுங்க."

ஃபோட்டோ

ஆடிட் முடிவில் மேனேஜரோடு உட்கார்ந்து குறைகளைச் சொல்வது முறை. பெட்டிகளை எல்லாம் இப்போதே திறந்து, பாஸ்போர்ட்டை உரியவர் கையில் கொடுங்கள், நாங்கள் படம் எடுக்க வேண்டும் என்றேன். படம் என்றதும் மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. எல்லோரும் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள். லிம் வேண்டுமென்றே கேமராவை மெதுவாகச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஓர் இடம் காலியானதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, செல்வத்தின் போன் வந்தது. ஹாஸ்டல் கூட்டாளிகள் போனிலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றுத்துணிகூட இல்லாமல் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஏர்போர்ட் ரயிலுக்கு நின்றுகொண்டு சொன்னார்: "கோழிக் குழம்பு வாசம் இன்னும் கையில இருக்குண்ணே. கழுவக்கூட நேரமில்ல."

லேபிள்

அவர் போய் இறங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு அறிக்கையை அனுப்பினோம். பதில் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவியோடு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். சட்டையை எடுத்தால் காலரைத் திருப்பி எந்த நாட்டில் தைத்தது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. லேபிளில் நாட்டின் பெயர் இருக்கிறது. தைத்தவருக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க லீவு கிடைத்ததா என்பது இல்லை. அந்தத் துணிக்கு அந்த விலை நியாயமே இல்லை, அவ்வளவு மலிவு. சட்டையைப் பிடித்தபடி நான் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். கடைப்பெண் பொறுமையிழந்து கேட்டாள்: "அங்கிள், இத போடப் போறீங்களா, இல்ல படிக்கப் போறீங்களா?" வாங்கினேன். இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன்.

பதில்

வாங்கும் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 'உங்கள் அறிக்கைக்கு மிக்க நன்றி. இப்படிப்பட்ட இடத்தோடு எங்களுக்கு உறவு வேண்டாம், ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டோம்.' தொழிற்சாலைக்குத் தவறைத் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றுதான் நானும் லிம்மும் எழுதியிருந்தோம். லிம் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்: "அங்கயும் ஒரு மெத்தை லோரி இருக்கும்லா."

அந்த வாரமே செல்வம் கூப்பிட்டார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். பின்னால் குழந்தை அழும் சத்தத்தை எனக்குக் கேட்க வைத்தார். வாழ்த்துச் சொன்னேன். பிறகு அவர் அடுத்த சேதிக்கு வந்தார். தொழிற்சாலையில் பாதி உற்பத்தி வரிசைகளை நிறுத்திவிட்டார்களாம். டிக்கெட் போட்டுக் கொடுத்த அதே கூட்டாளிகள் கையில் பாஸ்போர்ட்டோடு, வேலையில்லாமல் ஹாஸ்டலில் உட்கார்ந்திருக்கிறார்களாம். "போன் பண்ணித் திட்டுறானுங்கண்ணே. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. நான் வந்தது தப்பா, சொன்னது தப்பா?"

கதவைத் திறக்கச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறவர்கள், திறந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு வேறு வீடு தேடிப் போய்விடுகிறார்கள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமலேயே, வியாழக்கிழமை பண்டமாரானில் இன்னொரு தொழிற்சாலையின் பெயின்ட் வாசனைக்குள் நுழையப் போகிறேன்.